கங்காணி: கண்காணியின் பிழை வடிவமா?

இலங்கை, மலாயாத் தோட்டங்களின் பழைய கடிதங்களைப் பதிப்பிக்கிறவர்கள் சிலர் ‘கங்காணி’ என்று கண்டதுமே ‘கண்காணி’ என்று திருத்திவிடுகிறார்கள். திருத்தக் கூடாது. வேர் ஒன்றுதான், ஆனால் இரண்டும் இன்று ஒரே ஆளைக் குறிப்பதில்லை.

கண் + காண் + இ. ‘வழிகாட்டி’, ‘பூச்சிக்கொல்லி’ ஆகியவற்றில் வருவது போலச் செய்பவரைக் குறிக்கும் இகரம் இது. பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதற்கு மேல் சொல்லில் ஒன்றுமில்லை. வெண்கலம் பேச்சில் வெங்கலம் ஆனது போலவே ககரத்துக்கு முன் ணகரம் ஙகரமாயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள் ‘ஸ்ரீமாகேசுரக் கண்காணி’ என்று வருகிறார்கள். திருமந்திரத்தின் ‘கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்’ என்ற அடியில் கண்காணி இறைவனே. கடவுளுக்கு வழங்கிய சொல்தான் பிறகு காப்பிக் காட்டுக்கும் போயிற்று.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் இந்தச் சொல்லின் பொருள் வீங்கியது. கங்காணி தமிழ்நாட்டிலுள்ள தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தையும் சாதிக்காரர்களையும் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார், கூடவே அழைத்து வருவார், தோட்டத்தில் அவர்களுக்குத் தலைவராகவும் இருப்பார். ஆள் ஓடிப்போனால் துரைக்கு, அதாவது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரருக்கு, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பெரிய கங்காணியின் கீழ் சில்லறைக் கங்காணிகள், ஒவ்வொருவர் கீழும் ஒரு சிறு கூட்டம். துரைக்குத் தெரிந்தது பெரிய கங்காணியை. தொழிலாளிக்குத் தெரிந்தது தன் சில்லறைக் கங்காணியை, பெரும்பாலும் மாமன் மச்சான் முறையில்.

இந்த உறவைக் கட்டிவைத்தது கடன். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பேரில் ஏறும். கங்காணியோ தோட்டத்துக்குக் கடன்பட்டிருப்பார். அவர் தன் ஆள்களோடு வேறு தோட்டம் போக நினைத்தால் துரை ஒரு ‘துண்டு’ எழுதித் தருவார்: இன்ன தொகையைக் கட்டினால் இத்தனை பேரை விடுவிக்கிறேன். ஒரு கணக்குக்கு 30 பேர், 900 ரூபாய் என்று வையுங்கள். புதிய தோட்டம் அந்த 900-ஐக் கட்டி ஆள்களை எடுத்துக்கொள்ளும். தொகை அப்படியே அங்கே புதுக் கடனாக ஏறிவிடும். ஆள் தட்டுப்பாடான காலத்தில் தோட்டங்கள் போட்டி போட்டுக் கூடுதல் முன்பணம் தந்தன. கங்காணி கைக்குக் காசு வந்தது, கூட்டத்தின் தலையில் கடன் கூடியது. யாரும் கடனை அடைக்கவில்லை, இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது.

இன்னொரு பிடி தலைக்காசு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்று வேலைக்குப் போன ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு அன்றன்றைக்கு ஒரு சிறு தொகை. காய்ச்சலில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) படுத்துக்கிடப்பவருக்குத் தலைக்காசு இல்லை. அதனால் ‘உடம்பு எப்படி?’ என்று காலையில் வாசலில் வந்து கேட்கும் கங்காணியின் கேள்வியில் பாசம் எவ்வளவு, காசு எவ்வளவு என்று பிரித்துவிட முடியாது. இரண்டும் இருந்தன என்பதுதான் இந்தச் சொல்லின் சிக்கல். திருமணம், சாவு, வழக்கு எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். அவரை விட்டுப் போகவும் முடியாது.

மலாயாவிலும் கங்காணி ஆள் கொண்டுவந்தார். ஆனால் அங்கே அவர் பெரும்பாலும் தோட்டம் உரிமச்சீட்டுக் கொடுத்து ஊருக்கு அனுப்பிய தொழிலாளி. இலங்கைப் பெரிய கங்காணியின் பிடி அவருக்கு இல்லை. 1938இல் இந்திய அரசு தடை விதித்ததும் அந்த ஆள்சேர்ப்பு நின்றது.

இனி நிகர்ச்சொல். சூப்பர்வைசர் என்பதற்கு ‘மேற்பார்வையாளர்’ என்கிறோம். மேலிருந்து பார்ப்பவர் என்று ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தது. குற்றமில்லை, வழக்கில் ஊன்றிவிட்டது. ‘கண்காணிப்பாளர்’ அதிகாரப் பதவிக்குப் போய்விட்டது: காவல் கண்காணிப்பாளர், தேர்வறைக் கண்காணிப்பாளர். ‘கண்காணிப்புக் கேமரா’வும் அந்தப் பக்கமே. ஆகவே தொழிற்சாலையில் பத்துப் பேரை வேலை வாங்குபவருக்கு மேற்பார்வையாளர் என்றே எழுதலாம். அலுவலகத்தின் டீம் லீடருக்குக் ‘குழுத் தலைவர்’ போதும். தோட்ட வரலாற்றில் வருபவருக்கு மட்டும் இவை எதுவும் பொருந்தா. ‘தோட்ட மேற்பார்வையாளர்’ என்று மாற்றினால் ஆள் சேர்த்தவர், கடன் கொடுத்தவர், உறவினர், பிணையாள் ஆகிய நால்வரும் மறைந்து, கையில் கம்போடு நிற்கும் ஒருவர்தான் மிஞ்சுவார்.

இன்று இலங்கை மலையகத்தில் கொழுந்து எடுக்கும் மலையில் நிற்பவரும் கங்காணிதான். துண்டும் இல்லை, தலைக்காசும் இல்லை. தோட்டத்தில் ‘தலைவர்’ என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், வேறு ஆள். தமிழ்நாட்டு அரசியல் மேடையிலோ ‘கங்காணி வேலை’ என்பது வசை: தன் ஆள்களை இன்னொருவருக்குக் கூட்டிக்கொடுத்துக் காசு பார்ப்பது.