சென்டாஃப்: போ என்பதா, போய் வா என்பதா?

எங்கள் கிரிக்கெட் டீமுக்கு ரொம்ப வருஷமாக ஆகாத ஒரு டீம் உண்டு. தியாகராய நகர் சோமசுந்தரம் கிரவுண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவர்களுக்குத் தெரியும், ஒரே மைதானத்தில் ஏழெட்டு மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும், நம்முடைய லாங் ஆனில் நிற்பவன் பக்கத்து மேட்சின் ஸ்லிப்பில் நிற்பான், யார் அடித்த பந்து யார் முதுகில் விழுகிறது என்றே தெரியாது. அந்தக் கூட்டத்திலும் அவர்களோடு மேட்ச் என்றால் காரம் கொஞ்சம் கூடும். காரணம் அவர்களுடைய பௌலர் ஒருவர். டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடுவார், குச்சி எகிறும், அவர் சிரிக்கக்கூட மாட்டார். போன மாதம் அவருக்கு முழங்கால் போய்விட்டது, வயது 42, டாக்டர் போதும் என்றுவிட்டார். சேதி வந்ததும் எங்கள் பையன்களே ஒரு சால்வை வாங்கிப் போடலாம் என்று கிளம்பினார்கள். சரி, சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸும் அடிப்போம், "சென்டாஃப் விழா" என்று.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் திருப்பாமலே கேட்டார்: "சென்ட் தனியா ஆஃப் தனியாவா, சேர்த்தா?" சேர்த்தே போடுங்கள் என்றோம். "ஆளு எந்த ஊருக்குப் போறாரு?" எந்த ஊருக்கும் போகவில்லை, ஆட்டத்தை விடுகிறார். "உங்க டீமா?" இல்லை, எதிர் டீம். இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "எதிர் டீம் ஆளுக்கு சென்டாஃபா? அடிக்கப் போறீங்களா என்ன?"

அவர் கேட்டது கிண்டல்தான், ஆனால் கேள்வி சரியான கேள்வி. கிரிக்கெட்டில் இந்தச் சொல்லுக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பொருள் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'சென்ட்' என்றால் அனுப்பு, 'ஆஃப்' என்றால் அப்பால். கூட்டிப் பார்த்தால் அப்பால் அனுப்புவது, அவ்வளவுதான். மரியாதையும் அதில் இல்லை, அவமரியாதையும் இல்லை. ஊருக்குப் போகிறவரை நாலு பேர் கூடி அனுப்பினாலும் அது சென்டாஃப். பேட்ஸ்மேன் அவுட் ஆனதும் பௌலர் அவர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பெவிலியன் பக்கம் காட்டுகிறாரே, அதுவும் சென்டாஃப். கால்பந்தில் இன்னும் மோசம், ரெட் கார்டு வாங்கி வெளியே போவதுதான் அங்கே 'சென்டிங் ஆஃப்'.

கிரிக்கெட்டில் வசவாக வரும் சென்டாஃபுக்கு உதாரணம் சொல்லவே வேண்டாம். 1996 உலகக் கோப்பை காலிறுதி, மார்ச் 9, பெங்களூரு, இந்தியாவும் பாகிஸ்தானும். பாகிஸ்தானின் ஆமிர் சோஹைல் ஃபோர் அடித்துவிட்டு, அடுத்ததும் அங்கேதான் என்பதுபோல பேட்டை நீட்டிக் காட்டினார், அடுத்த பந்தில் நம்ம வெங்கடேஷ் பிரசாத் ஸ்டம்பைப் பெயர்த்துவிட்டு வாயாலும் கையாலும் அவருக்கு வழி காட்டினார். எங்கள் தெருவில் அன்றைக்கு டிவி பார்த்த எல்லாருக்கும் அது இன்னும் மனப்பாடம். இப்போது அப்படிச் செய்தால் ஐசிசி நடத்தை விதியில் அதற்கென்றே 2.5 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அவுட் ஆன பேட்டரைச் சீண்டும்படி பேசினாலோ சைகை செய்தாலோ குற்றம்.

நல்ல சென்டாஃபுக்கு எல்லாரும் ஆஸ்திரேலியாவின் பிராட்மேனைச் சொல்வார்கள். 1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல், அவருடைய கடைசி டெஸ்ட். கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, இங்கிலாந்து கேப்டன் நார்மன் யார்ட்லி தன் ஆட்களைச் சுற்றி நிறுத்தி மூன்று முறை ஜே போட வைத்தார். அப்புறம் அவர்களுடைய பௌலர் ஹோலீஸ் இரண்டாவது பந்திலேயே ஸ்டம்பைத் தட்டிவிட்டார். நாலு ரன் எடுத்திருந்தால் நூறாகியிருக்கும் டெஸ்ட் சராசரி 99.94-இல் நின்றது அதனால்தான். அனுப்புவதில் இதுவும் ஒரு வகை, ஜேவும் போடுவோம், விக்கெட்டும் எடுப்போம்.

எனக்கு அதைவிட நெருக்கமானது 2015-இல் கொழும்பில் நடந்தது. இலங்கையின் சங்கக்காராவுக்குக் கடைசி டெஸ்ட், இந்தியாவோடு, பி. சரா ஓவல் மைதானத்தில். அந்தத் தொடரில் அவர் ஆடிய நாலு இன்னிங்சிலும் அவரை எடுத்தது நம்ம அஷ்வின். கடைசி இன்னிங்சில் 18 ரன், விஜய் கையில் கேட்ச், போட்டவர் அஷ்வின், ஆக ஒரு சென்னைப் பையன் போட்டு இன்னொரு சென்னைப் பையன் பிடித்தது. பிடித்த கையோடு இந்திய ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் அவர் கையைக் குலுக்கினார்கள். அஷ்வின் கையை நீட்டி வழி காட்டியிருந்தாலும் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் இதேதான் என்பதுதான் எனக்கு இந்தச் சொல்லின் மேல் உள்ள கோபம்.

இப்போது தமிழுக்கு வருவோம். ஆபீஸ்களில் முன்பெல்லாம் 'பிரிவு உபசார விழா' என்பார்கள், மாதக் கடைசி நாளில் ஒரு சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், லட்டு, மிக்சர், காபி, ஆறு பேர் பேச்சு. இப்போது அதையே 'பணி நிறைவு பாராட்டு விழா' என்று அடிக்கிறார்கள். ஆட்டக்காரருக்கு இரண்டும் ஒட்டவில்லை. யார்க்கர் போட்டதைப் பணி என்று சொன்னால் அவரே சிரிப்பார், அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

'பிரியாவிடை' என்பது பத்திரிகைகளுக்குப் பிடித்த சொல். அழகான சொல்தான், மறுக்கவில்லை. பிரியாத விடை, ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. 'விடை' என்பது 'விடு' என்பதிலிருந்து வந்தது, போவதற்குத் தரும் இசைவு, அதனால்தான் விடை கொடுக்கிறோம், விடை பெறுகிறோம். (மயிலாப்பூரில் சிவன் ஏறி வரும் விடை வேறு, அது காளை. பரீட்சையில் எழுதும் விடை இன்னொன்று.) ஆனால் பிரியாவிடையில் பிரிய மனமில்லாத பாசம் இருக்கிறது. எதிர் டீமிடம் அந்தப் பாசம் இருந்தது என்று சொன்னால் பொய். அவர் போகிறார் என்றதும் எங்கள் ஓப்பனர் இரண்டு பேருக்கும் நிம்மதிதான்.

எனக்குப் பொருந்துகிற சொல் 'வழியனுப்பு'. அனுப்பு என்பதன் முன்னால் வழி என்று ஒன்று சேர்ந்ததும் வசவு போய்விடுகிறது. பெவிலியனுக்கு அனுப்பினார் என்று எழுதினால் விக்கெட் எடுத்தார் என்று பொருள், வழியனுப்பினார் என்றால் கூடவே நாலு அடி நடந்திருக்கிறார் என்று பொருள். வீட்டுக்கு வந்தவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவிடுவது, சென்ட்ரலில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ரயில் நகரும் வரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இதெல்லாம் வழியனுப்புவது. கோயம்பேட்டில் பஸ் ஏறிய காலத்தில் இது சுலபமாக இருந்தது, கிளாம்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு வழியனுப்பப் போகிறவனுக்கே ஒரு ஆள் வழியனுப்ப வேண்டியிருக்கிறது. இது நேற்று வந்த பழக்கம் இல்லை. சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில் கரிகாலன் பரிசு வாங்கிய பொருநனை, அதாவது கலைஞனை, வெள்ளைக் குதிரைகள் நான்கு பூட்டிய தேரில் ஏற்றி அனுப்புகிறான், அனுப்பும்போது "காலின் ஏழடிப் பின்சென்று" அனுப்புகிறான். ராஜா, பின்னால் ஏழு அடி நடக்கிறார்.

எதிரி ஒருவனைப் புகழ்வதற்கென்றும் தமிழில் தனியாக ஒரு பெயர் இருக்கிறது, அது தெரிந்தபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. புறப்பொருள் வெண்பாமாலை என்ற பழைய இலக்கண நூலில், போரைப் பற்றிய தும்பைப் படலத்தில் 'தானைநிலை' என்று ஒரு துறை. ஒரு வீரனின் மறத்தை இரண்டு பக்கத்துப் படையும் போற்ற, அவன் களத்தில் விளங்கி நிற்பது. "இருபடையும் மறம் பழிச்ச" என்று அதற்கு இலக்கணம் சொல்லியிருக்கிறது. பழிச்சுதல் என்பதைப் பார்த்ததும் திட்டுவது என்று நினைக்காதீர்கள், பழிச்சுதல் என்றால் போற்றுதல். நம் காதில் இன்றைக்கு வசவாகக் கேட்கும் சொல் அங்கே வாழ்த்து. ஆங்கிலக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

தானைநிலை என்று ஃப்ளெக்ஸில் போட்டால் சோமசுந்தரம் கிரவுண்டில் ஒருவருக்கும் புரியாது என்பது வேறு விஷயம். ஆனால் சேப்பாக்கம் கூட்டத்துக்குச் சொல் தெரியாவிட்டாலும் செய்யத் தெரியும். 1997 மே மாதம் பாகிஸ்தானின் சயீத் அன்வர் அங்கே 194 அடித்தபோதும் எழுந்து நின்றார்கள், 1999 ஜனவரி 31 அன்று சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் நாம் தோற்ற பிறகு, பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் தன் டீமைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியபோதும் எழுந்து நின்றார்கள். அவர்கள் யாரும் அன்றைக்கு ஓய்வு பெறவில்லை, ஆகவே அது வழியனுப்பு இல்லை, பழைய பொருளில் பழிச்சியது.

ஐபிஎல்லில் ஓய்வு பெறாமலே வழியனுப்பு வாங்கிக்கொண்டவரும் நம் சென்னை டீம் ஆள்தான், தோனி. 2023 ஏப்ரலில் ஈடன் கார்டன் முழுக்க மஞ்சள், கொல்கத்தாக்காரர்களின் சொந்த மைதானம் அது. எனக்கு ஃபேர்வெல் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். அடுத்த வருஷமும் ஆடினார், அதற்கடுத்த வருஷமும் ஆடினார்.

அதிலும் ஒரு தமிழ் நியாயம் இருக்கிறது. நாம் யாரிடமும் போகிறேன் என்று சொல்வதில்லை, போயிட்டு வரேன் என்போம், சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவோம். வெறும் போ என்றால் விரட்டுவது, போயிட்டு வா என்றால் வழியனுப்புவது, நடுவில் இருப்பது ஒரே ஒரு 'வா'. ஆங்கிலத்தின் சென்டாஃபில் இல்லாதது அந்த 'வா'தான். எங்கள் கிரவுண்டுப் பொடியன்கள் அவுட் ஆனவனைப் பார்த்து "டாட்டா, பை பை" என்று கத்துவார்களே தவிர "போயிட்டு வாங்கண்ணே" என்று கத்த மாட்டார்கள், கத்தினால் அதில் கிண்டல் ஏறாது.

கடைசியில் ஃப்ளெக்ஸில் விழாவும் இல்லை, சென்டாஃபும் இல்லை. "போய் வாங்கண்ணே" என்று பெரிய எழுத்தில், கீழே எங்கள் டீம் பெயர். கடைக்காரர் இதற்குச் சேர்த்தா பிரித்தா என்று கேட்கவில்லை. இரண்டு டீமும் வரிசையாக நின்று பேட்டைத் தூக்கிப் பிடித்தோம், பக்கத்து மேட்சிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து வரிசைக்கு நடுவில் நின்றது, அவர் அதை எடுத்து எறிந்துவிட்டு நடந்தார். சால்வையைப் போட்டதும் "சரிப்பா, வரேன்" என்றார்.

வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, அம்பயராக. மூன்றாவது ஓவரில் எங்கள் ஓப்பனருக்கு ரன் அவுட் கொடுத்தார், அரையடி உள்ளே இருந்தான் என்பது எங்கள் கட்சி. விரலைத் தூக்கினாரே ஒழிய அப்போதும் சிரிக்கவில்லை.