பனி இல்லாத இடத்தில் பனிமலைப் பட்டர்கப்

ரனங்குலஸ் கிளேசியாலிஸ் என்னும் பட்டர்கப் பூச்செடி, ஆல்ப்ஸில் 4,000 மீட்டருக்கு மேலும் பூக்கிறது. அதே செடி சமவெளித் தோட்டத்தில் செத்துப்போவது குளிரால் அல்ல. மலையில் குளிர்காலம் முழுக்க அது உறைபனிக்கு அடியில் கிடக்கும். வெப்பம் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும், பனி உருகும்வரை தண்ணீர் இறங்காது. தோட்டத்திலோ குளிர்கால மழை வேரும் தண்டும் சேரும் கழுத்தில் தேங்கி, அழுகல் பிடிக்கிறது. கோடை இன்னொரு எமன். பகலில் சேர்த்த மாவுச்சத்தை வெப்பமான இரவுகளில் சுவாசித்தே செடி தீர்த்துவிடும்.

ஆகவே வெயில் நேராக விழாத, வெளிச்சம் குறையாத சரிவில் 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டுங்கள். அடியில் 15 செ.மீ. உடைகல். அதன்மேல் 3 முதல் 6 மி.மீ. கல்சில்லு மூன்று பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. கழுத்தைச் சுற்றி 3 செ.மீ. சரளை. வளரும் பருவத்தில் வேர் குளிர்ந்த ஈரத்தில் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் மேலே கண்ணாடித் தகடு வையுங்கள். பக்கங்களை மூடாதீர்கள், காற்று நின்றால் பூஞ்சை வரும்.

கல்லின் வகையில் பலர் சறுக்குகிறார்கள். கிளேசியாலிஸுக்குக் கருங்கல் போன்ற சுண்ணாம்பில்லாத கல்தான் ஏற்றது. சுண்ணாம்பில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும். அதே ரனங்குலஸ் பேரினத்தின் அல்பெஸ்ட்ரிஸும் பார்னாசிஃபோலியஸும் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் வளர்பவை. மொராக்கோவின் அட்லஸ் மலைக்குரிய கலண்ட்ரினியாய்டஸ் முற்றிலும் வேறு ஆள்: குளிர்காலத்தில் பூத்து, கோடையில் இலையுதிர்த்து உறங்கும். உறங்கும்போது தண்ணீர் ஊற்றினால் கிழங்குபோன்ற வேர் அழுகிவிடும்.

விதை விஷயத்தில் பொறுமைதான் பாதி வேலை. பழுக்கும்போது விதைக்குள் கரு முழுதாக வளர்ந்திருக்காது. ஈரக் குளிரில்தான் அது வளர்ந்து முடியும். விரல் பட்டதும் உதிரும் பருவத்தில் விதையை எடுத்து, உடனே விதைத்து, 5 மி.மீ. கனத்துக்குக் கல்சில்லு தூவி, தொட்டியைக் குளிர்காலம் முழுக்க வெளியே விடுங்கள். காயவைத்துச் சேமித்த விதை பெரும்பாலும் ஏமாற்றும். முதல் வசந்தத்தில் ஒன்றும் முளைக்காவிட்டால் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நியூசிலாந்தின் லயாலி இரண்டு மூன்று குளிர்காலம் கழித்தும் முளைக்கும். நாற்றின் வேர் எளிதில் முறியும், மண்கட்டியோடு மாற்றுங்கள். தழைச்சத்து உரம் வேண்டாம், இலை கொழுத்துப் பூ குறையும். இளங்குருத்து வரும் நாட்களில் இரவில் விளக்கோடு போய் நத்தைகளைப் பொறுக்குங்கள்.