ஜெர்ம் டியூப் நெகட்டிவ் என்றால் வேலை பாதிதான் முடிந்தது

ஐசியூவில் நாள்கணக்கில் கிடந்த நோயாளியை மார்த்தாண்டத்திலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் கொண்டுபோகிறார்கள். கூடப் போகும் பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரே வரி: ‘நான்-ஆல்பிகன்ஸ் கேண்டிடா’. அதாவது கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைதான், ஆனால் அதன் ஆல்பிகன்ஸ் இனம் இல்லை. இப்படி இன்னொன்றும் வந்து சேர்ந்ததால்தான் இதை எழுதுகிறேன். அதை வைத்து அங்குள்ள டாக்டர் எந்த மருந்தைத் தொடங்குவார்?

அந்த வரிக்குள் குருசி என்ற இனம் இருக்கலாம். ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அதை ஒன்றும் செய்யாது. கிளாப்ரேட்டா இருக்கலாம், டோஸைக் கூட்டினாலும் பல சமயம் அடங்காது. ஆரிஸ் இருக்கலாம். அது பெரும்பாலும் ஃபுளுகோனசோலுக்குக் கட்டுப்படாது என்பதோடு, கட்டில் கம்பியிலும் பிபி கஃபிலும் வாரக்கணக்கில் உயிரோடிருந்து பக்கத்துக் கட்டிலுக்கும் போகும். ஆல்பிகன்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பை தயவுசெய்து விடுங்கள்.

ஆல்பிகன்ஸா இல்லையா என்று அறிய, சீரத்தில் செல் குழாய் விடுகிறதா என்று பார்க்கும் ஜெர்ம் டியூப்பைக் குறை சொல்லவில்லை. செலவில்லாத, நல்ல சோதனை. ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். அரை மில்லி சீரத்தில் காலனியை லேசாகத் தொட்டுக் கலக்கி, 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம். காலனியை அள்ளிப் போட்டால் ஆல்பிகன்ஸே குழாய் விடாது. 3 மணி தாண்டவிட்டால் டிராபிகாலிஸ் என்ற இனம் சூடோஹைஃபா (போலி இழை) விட்டு ஏமாற்றும். செல்லிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தை 40எக்ஸில் பாருங்கள். அங்கே இடுங்கியிருந்தால் அது ஜெர்ம் டியூப் இல்லை. டப்ளினியென்சிஸ் என்ற இனமும் பாசிட்டிவ் காட்டும்.

அடுத்தது, இனத்தைப் பொறுத்துக் காலனிக்கு நிறம் வரும் வளர்ப்புத் தட்டான குரோம் அகர். அதன் பெரிய பலம், ஒரே சாம்பிளில் இரண்டு ஈஸ்ட் கலந்திருந்தால் காட்டிக்கொடுப்பது. 48 மணி நேரம் ஆகாமல் நிறம் படிக்காதீர்கள். பச்சை, நீலம் வரை நம்பலாம். இளஞ்சிவப்பு, ஊதா வந்தால் நிறத்தை வைத்துப் பெயர் எழுதாதீர்கள். கிளாப்ரேட்டாவும் ஆரிஸும் அங்கேதான் குழம்பும். செல்லின் வடிவம் பார்க்கும் கார்ன்மீல் அகரிலும் இரண்டும் பெரும்பாலும் வெறும் மொட்டுச் செல்களாகவே தெரியும்.

சரி, இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆரிஸை, தானாக இனம் காணும் இயந்திரமான விட்டெக்கின் பழைய மென்பொருள் ஹீமுலோனி என்ற வேறொரு கேண்டிடா என்று சொல்லும். ஏபிஐ 20சி என்ற சோதனைப் பட்டை ரோடோடொருலா என்ற வேறு ஈஸ்ட் என்று சொல்லும். ரோடோடொருலாவின் காலனி சிவந்திருக்கும். தட்டில் வெள்ளைக் காலனியைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரை எப்படி எழுத மனசு வருகிறது? ஹீமுலோனி என்று வந்தால் ஒரு தட்டை 42 டிகிரியில் வையுங்கள். ஹீமுலோனி அங்கே வளராது, ஆரிஸ் வளரும்.

கிருமியின் புரதங்களை வைத்து இனம் காணும் மால்டி-டாஃப் இயந்திரம் சில நிமிடங்களில் பெயர் சொல்லும். ஆனால் ஈஸ்டின் சுவர் தடித்தது. அதை உடைக்க 70 சதவீத ஃபார்மிக் அமிலம் 1 மைக்ரோலிட்டர் வைத்து, அதைக் காயவிடாமல் மேட்ரிக்ஸ் கரைசலைப் போட்டால், பெயர் எவ்வளவு நம்பகம் என்று காட்டும் ஸ்கோர் விழும். டேட்டாபேஸில் ஆரிஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலும் பெயர் கிடைக்காததற்கு, டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் படித்து இனம் காணும் ஐடிஎஸ் சீக்வென்சிங்.

சளியில் வளர்ந்த ஈஸ்டுக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ரத்தம், தண்டுவட நீர் போன்ற கிருமியில்லாத இடத்துச் சாம்பிளில் வளர்ந்தால் இனம் தெரியாமல் விடக் கூடாது. மால்டி இல்லாத சிறிய லேப் அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். சபோரோ என்ற பூஞ்சை வளர்ப்பு ஊடகத்தின் சாய்வுக் குழாயில் தூய காலனியை ஏற்றி, மூடியை பாராஃபிலிம் சுற்றி, மூன்றடுக்குப் பொதியில் பெரிய லேபுக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் ‘இன அடையாளம் நிலுவையில்’ என்று எழுதி, வார்டுக்கு அன்றே போன் செய்யுங்கள்.