ஊசி போட்ட அன்றிரவு

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். அன்று காலையில்தான் அவருடைய ஆறு வாரக் குழந்தைக்கு முதல் தவணை பென்டாவேலன்ட் தடுப்பூசி போட்டிருந்தோம். "உடம்பு சுடுகிறது டாக்டர், தொடையைத் தொட்டாலே அலறுகிறான். ஐந்து மருந்தை ஒன்றாக ஏற்றியதால்தானே இப்படி?" என்று கேட்கும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. காய்ச்சல் 100.8 டிகிரி. பால் குடிக்கிறான், சிறுநீர் போகிறது, தோளில் போட்டால் அழுகை அடங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் அத்தனை பயந்ததற்கு நானே காரணம். இரவில் என்ன நடக்கலாம் என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

ஐந்து என்ற எண்தான் பெற்றோரை மிரட்டுகிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்குமான தடுப்பு இதில் இருக்கிறது. போலியோவும் சேர்ந்தால் ஹெக்ஸாவேலன்ட். இவற்றில் முதல் மூன்றும் பல பத்தாண்டுகளாக முத்தடுப்பு ஊசியாக ஒன்றாகவே போடப்பட்டு வந்தவை. உடல் அடையாளம் காணும் நுண்கூறுகள் கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று செய்யும் மருந்தில் மட்டும் ஏறக்குறைய 3,000 உண்டு. ஹெபடைடிஸ் பி மருந்திலோ ஒரே ஒரு புரதம்தான். ஆகவே மூன்று ஐந்தாகும்போது குழந்தையின் உடலுக்குக் கூடும் சுமை மிகச் சொற்பம். குறைவது ஊசிக் குத்துகள். ஒரே வருகையில் மூன்று முறை குத்துவதற்குப் பதிலாக ஒரு முறை.

காய்ச்சலுக்கும் தொடை வலிக்கும் பெரும்பாலும் அந்தக் கக்குவான் பகுதியே காரணம். முழுக் கிருமி உள்ள ஊசியில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோ வீக்கமோ வரும். 'வலியில்லா ஊசி' என்று மக்கள் சொல்வதில் கிருமியின் சில புரதங்கள் மட்டுமே இருப்பதால் இவை குறைவு. காய்ச்சல் வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. வராத குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி உருவாகிறது.

குத்திய இடத்தைத் தேய்க்காதீர்கள், சூடான ஒத்தடம் வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். சில குழந்தைகளுக்குச் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி சில வாரங்கள் தங்கித் தானாகக் கரையும். அது சிவந்து, சூடாகி, பெரிதானால் மட்டும் காட்டுங்கள். பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில்தான் கொடுக்க வேண்டும். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி அல்ல. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றதில் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வருமுன்னே கொடுத்து வைப்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை. அப்படிக் கொடுத்தால் சில எதிர்ப்புப் பொருள்களின் அளவு குறைவதை 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

இனி, தாமதிக்கக் கூடாதவை. ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அது கடும் ஒவ்வாமை. பத்து லட்சம் தவணைகளில் ஒன்று என்ற அளவிலேயே நேரும், உடனே மருந்து கொடுத்தால் கட்டுப்படும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, துணி போலத் துவண்டு வெளிறிப்போதல், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் இரவென்று பாராமல் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு நாள் கடந்தும் காய்ச்சல் இருந்தால், அல்லது 102 டிகிரியைத் தொட்டால், ஊசியின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. வேறு தொற்று ஒளிந்திருக்கலாம்.

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஊசிக்குப் பிறகு குழந்தைகள் இறந்ததாகக் கேள்விப்பட்டோமே? காரணம் புரியாமல் தூக்கத்தில் நேரும் சிசு மரணங்கள் அதிகம் நிகழ்வது இரண்டு முதல் நான்கு மாத வயதில். தடுப்பூசித் தவணைகளும் அதே மாதங்களில்தான் வருகின்றன. ஊசி அந்த மரணங்களைக் கூட்டுகிறதா என்று பலமுறை ஆராய்ந்தும் அப்படிக் காணப்படவில்லை. ஜப்பானில் 1974-75இல் இரண்டு குழந்தைகள் ஊசிக்குப் பின் இறந்ததும் கக்குவான் தடுப்பூசியைச் சில மாதங்கள் நிறுத்தினார்கள். அச்சம் பரவி, போட்டுக்கொள்வோர் எண்ணிக்கை சரிந்தது. 1979இல் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் இருமல் வந்து 41 பேர் இறந்தார்கள். இருமி இருமி நீலம் பாரித்த கைக்குழந்தையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது.

சாதாரணச் சளிக்காக அடுத்த தவணையைத் தள்ள வேண்டியதில்லை. குறைமாதக் குழந்தைக்கும், உடல்நிலை சீராக இருந்தால், பிறந்த தேதியைக் கணக்கிட்டே போடலாம். சென்ற தவணையில் கடும் ஒவ்வாமையோ, ஏழு நாளுக்குள் மூளைப் பாதிப்போ வந்திருந்தால் மட்டும் அதே ஊசியைத் திரும்பப் போடுவதில்லை. வலிப்போ துவண்டு போதலோ வந்திருந்தால் பேசி முடிவெடுப்போம்.

அந்தத் தாய் இரண்டாம் தவணைக்கு வந்தபோது தடுப்பூசி அட்டையின் பின்புறம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்: எத்தனை மணிக்குக் காய்ச்சல், எவ்வளவு மருந்து, எப்போது தணிந்தது, எந்தத் தொடை. அதைப் பார்த்துவிட்டு மற்ற தொடையில் ஊசி போட்டேன்.