1986-இல் நின்றுபோன நெல் விலை

பங்குனி வெயிலில், சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் மாமாவோடு நின்றிருந்தேன். பிசானப் பருவத்து நெல். தார்ப்பாயில் காய்ந்ததில் ஒரு கைப்பிடி அள்ளி ஈரப்பதம் பார்த்தார்கள். 17 சதவீதத்துக்குக் கீழே என்றதும் மாமாவின் முகம் தெளிந்தது. நாற்பது நாற்பது கிலோவாக எடைபோட்டு மூட்டை தைக்கத் தொடங்கினார்கள். "இந்த விலைக்கு ஜெனிவாவில் கணக்குக் கேட்கிறார்களாமே, அவர்களுக்கு இதில் என்ன மருமகனே?" என்றார்.

ஜெனிவாவில் இருப்பது உலக வர்த்தக அமைப்பு; அதன் வேளாண் ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அரசு ஆதரவு விலை கொடுத்துக் கொள்முதல் செய்தால், அதில் எவ்வளவு மானியம் என்று கணக்கிட அதில் ஒரு வாய்பாடு உண்டு. அரசு தரும் விலையிலிருந்து, 'வெளிச்சந்தை விலை' என்று அவர்கள் சொல்லும் உலகச் சந்தை விலையைக் கழிக்க வேண்டும். மீதியைக் கொள்முதல் அளவால் பெருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சந்தை விலை இன்றைய விலை அல்ல, 1986 முதல் 1988 வரையிலான சராசரி. இந்திய அரிசிக்கு டன்னுக்குச் சுமார் 262 டாலர். அது இன்றுவரை அசையவில்லை.

ஒரே ஒரு மூட்டையை வைத்துப் பார்ப்போம். 2018-19-இல் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். நாற்பது கிலோ மூட்டைக்கு 700 ரூபாய். அரைத்தால் ஏறக்குறைய 27 கிலோ அரிசி. அந்த அரிசிக்கு 1986-88 விலையைப் போட்டால் 7 டாலர்; 2018-19-இன் டாலர் மதிப்பில் சுமார் 490 ரூபாய். ஆக, மூட்டைக்கு 210 ரூபாய் மானியம் என்று ஏட்டில் ஏறிவிடும். மாமாவின் கைக்கு வந்தது 700 ரூபாய்தான். அதில் உரம், அறுவடை இயந்திர வாடகை, நடவுக் கூலி எல்லாம் போக நிற்பதுதான் வருமானம். முப்பது வருட விலை ஏற்றத்துக்கு இந்த வாய்பாடு சலுகை என்று பெயர் சூட்டிவிடுகிறது.

2018-இல் தாய்லாந்து அரிசி டன்னுக்கு 400 டாலருக்கு மேல் விற்றது. நம் ஆதரவு விலையை அரிசியாக மாற்றினால் சுமார் 370 டாலர் வருகிறது. அரைவைக் கூலியும் லாரி வாடகையும் இதில் சேராதுதான். இருந்தாலும் அன்றைய சந்தை விலையை வைத்துக் கழித்திருந்தால், மானியம் என்று சொல்ல மிச்சம் எதுவும் இருந்திருக்காது.

வளரும் நாடுகளுக்கு உச்சவரம்பு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம். 2018-19-இல் இந்தியாவின் நெல் உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர்; வாய்பாடு காட்டிய மானியம் சுமார் 500 கோடி டாலர். வரம்பு தாண்டிவிட்டது.

எனக்குக் கோபம் வருவது அடுத்த விஷயத்தில்தான். பணக்கார நாடுகளுக்கு 5 சதவீதம்தான் வரம்பு என்பார்கள். ஆனால் 1986-88-இல் ஏராளமாக மானியம் கொடுத்த நாடுகள், அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்துக்கொண்டு மீதியைத் தனி உரிமையாகவே வைத்துக்கொண்டன. அமெரிக்காவுக்கு அப்படிக் கிடைத்தது ஆண்டுக்கு 1,910 கோடி டாலர். அன்று கொடுக்க வழியில்லாத நாடுகளுக்கு இந்தக் கூடுதல் உரிமையே இல்லை. நிறையக் கொடுத்தவனுக்கு இனியும் கொடுக்க உரிமை, கொடுக்காதவனுக்குத் தடை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்வது இந்தியா. அரசுக் கிடங்கில் குவியும் அரிசி உலகச் சந்தைக்குக் கசிந்தால் அடிபடுவது தாய்லாந்தின், பாகிஸ்தானின் சிறு விவசாயி. அவரும் நம் மாமாவைப் போன்றவர்தான். வளரும் நாடுகள் ஒரே குரலில் பேச முடியாமல் போவது இந்த இடத்தில்தான். கசிவைத் தடுக்க விதி போடலாம். அதற்காகப் பழைய விலையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

வரம்பு தாண்டியும் வழக்கு வராமல் காப்பது 2013 டிசம்பரில் பாலியில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் கிடைத்த 'சமாதான விதி'. நிரந்தரத் தீர்வு வரும்வரை அது தொடரும் என்று 2014 நவம்பரில் முடிவானது. அதை முதன்முதலாகப் பயன்படுத்திய நாடு இந்தியா. 2017-இல் புவனோஸ் அயர்ஸிலும் 2024-இல் அபுதாபியிலும் உறுப்பு நாடுகள் கூடின, தீர்வு வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாமா, "நெல்லுக்குச் சரி, நாளை நம் உளுந்துக்குப் புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்தால்?" என்றார். சமாதான விதி காப்பது 2013 டிசம்பர் 7 அன்று நடப்பில் இருந்த திட்டங்களை மட்டுமே. புதிய திட்டத்துக்கு அந்தக் குடை கிடையாது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தைத்த மூட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ரசீது வாங்கப் போனார்.