மிகையூட்டியும் அதன் புறவழி வால்வும்

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிக்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர். அதில் வரும் 'சூப்பர்' பாராட்டு அல்ல. லத்தீனில் 'மேல்' என்று பொருள். 'சார்ஜ்' என்பதும் இங்கே மின்சாரத்தைக் குறிக்கவில்லை. உறிஞ்சும் வீச்சில் சிலிண்டருக்குள் நிரம்பும் காற்று, எரிபொருள் அளவை எஞ்சின் துறையில் சார்ஜ் என்பார்கள். வண்டியைக் குறிக்கும் 'கார்ரஸ்' என்ற லத்தீன் பெயரிலிருந்து 'வண்டியில் சுமை ஏற்று' என்ற வினை பிறந்தது. அந்த வினைதான் திரிந்து சார்ஜ் ஆனது. கார் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான்.

எஞ்சின் தானாக இழுத்துக்கொள்ளும் அளவுக்கு மேல் காற்றைத் திணிக்கும் கருவி என்பதால் தமிழில் 'மிகையூட்டி' நன்றாகப் பொருந்தும். செல்பேசி சார்ஜருக்கு 'மின்னேற்றி' என்று பழகிய கையோடு இதையும் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். டெஸ்லா 2012 முதல் தன் மின்னேற்று நிலையங்களுக்கும் சூப்பர்சார்ஜர் என்றே பெயர் வைத்திருப்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

கருவி சொல்லைவிட மூத்தது. அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்று ஊதி, காருக்காகச் செய்யப்பட்டது அல்ல. உலைகளுக்குக் காற்றூதப் பயன்பட்டது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் யோசனைக்கு டைம்லர் 1885இல் காப்புரிமை பெற்றார். மெர்சிடிஸ் 1921இல் பெர்லின் கண்காட்சியில் இத்தகைய கார்களை வைத்தது. ஜெர்மானியர் இதைக் 'கொம்ப்ரெஸ்ஸர்' என்றார்கள், ஆங்கிலேயர் 'புளோயர்' என்றார்கள். ரூட்ஸ் வகைக்குப் புளோயர், அதாவது ஊதி, என்பதே நேர்மையான பெயர். அதன் இரு சுழலிகளும் காற்றை உள்ளுக்குள் அழுத்துவதில்லை. இதழ்களுக்கும் கூட்டுக்கும் இடையில் பிடித்து மறுபுறம் தள்ளுவதோடு சரி. எஞ்சினால் அத்தனையையும் விழுங்க முடியாததால்தான் வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் ஏறுகிறது.

2002 முதல் 2006 வரை விற்ற மினி கூப்பர் எஸ், அதாவது ஆர்53, இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியான கார். அதில் இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் எம்45, ரூட்ஸ் வகை மிகையூட்டி. 45 என்பது ஒரு சுற்றுக்குத் தள்ளும் கன அங்குலம். ஏறத்தாழ 737 சிசி. எஞ்சின் 1598 சிசி, நான்கு வீச்சு; இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நிரம்பும், ஆகவே ஒரு சுற்றுக்கு 799 சிசி குடிக்கும். பெல்ட் மிகையூட்டியை எஞ்சினைப் போலச் சுமார் 2 மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சினின் ஒரு சுற்றுக்கு வருவது 1474 சிசி, செலவாவது 799.

மிதியை முழுதாக அழுத்தும்போது இந்த உபரிதான் பலம். ஐடிலிலும் (மிதியைத் தொடாமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது) சீரான ஓட்டத்திலும் அதே உபரி தொல்லை: சுழலிகள் வீணாக அழுத்தத்தை எதிர்த்துச் சுற்றும், காற்று சூடேறும், இரைச்சல் வரும், பெட்ரோல் செலவாகும். பெல்ட் இறுகப் பிணைத்திருப்பதால் கருவியை நிறுத்தவும் வழியில்லை. எனவே வெளியேறும் பக்கத்தையும் நுழையும் பக்கத்தையும் இணைத்து ஒரு கிளைவழி, அதில் ஒரு பட்டாம்பூச்சித் தகடு. இதுவே பைபாஸ் வால்வு. புறவழிச்சாலையில் போகும் வண்டி ஊருக்குள் நுழைவதில்லை. இங்கோ காற்று ஊருக்குள் போய்விட்டு மீண்டும் நுழைவாயிலுக்கே வருகிறது. கறாராகப் பார்த்தால் 'சுற்றுவழி' என்பதே சரி. ஆனால் புறவழி ஏற்கெனவே வேரூன்றிய சொல். அதை மாற்றுவதில் பயனில்லை.

வால்வுக்கு 'ஓரதர்' என்றொரு தமிழாக்கம் உண்டு. அதர் என்றால் வழி, ஓரதர் ஒருவழி. டயர் வால்வுக்குக் கச்சிதம், இந்தத் தகட்டுக்குப் பொருந்தாது. லத்தீன் 'வால்வா'வே கதவின் ஒரு மடலைத்தான் குறித்தது. உதிரிபாகக் கடையில் கேட்க 'புறவழி வால்வு' போதும்.

தகட்டை இயக்குவது ஒரு ரப்பர் டயஃப்ரமும், அதாவது சவ்வும், ஸ்பிரிங்கும். த்ராட்டிலுக்கு, அதாவது மிதிக்கு ஏற்ப எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் தகட்டுக்கு, பின்னால் வெற்றிடம் இருக்கும்வரை டயஃப்ரம் தகட்டோடு இணைந்த கம்பியை இழுத்து வழியைத் திறந்து வைக்கும். மிதியை அழுத்தினால் வெற்றிடம் மறையும், ஸ்பிரிங் மூடிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது கம்பி மூடிய நிலையில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் நகர்ந்து திறக்க வேண்டும். த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் ஒரு கணம் மூட வேண்டும். ஐடிலில் நகரவே இல்லை, கீச்சொலியும் கேட்கிறது, ஐடில் தள்ளாடுகிறது என்றால் டயஃப்ரமோ ஹோஸோ கிழிந்திருக்கும். கை வெற்றிடப் பம்பை டயஃப்ரத்தில் மாட்டி இழுத்தால் பம்பின் அளவி முள் இறங்காமல் நிற்க வேண்டும். மாறாக, தகடு அழுக்கேறித் திறந்தே சிக்கிக்கொண்டால் பூஸ்ட், அதாவது மிகையூட்டி தரும் கூடுதல் அழுத்தம், ஏறாது, கார் மந்தமாகும். பாதி மிதியில் வண்டி உந்துவதும் தளர்வதுமாக இருந்தால் தகடு திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவே அலைகிறது. ஆர்53காரர்கள் இதை 'யோ-யோ' என்பார்கள்.

சீறல் ஒலிக்காக வால்வை வெளிக்காற்றில் திறந்துவிடும் டர்போ கார்களைப் பார்த்து இந்த வால்வையும் அப்படித் திறந்துவிட ஆசைப்படக் கூடாது. வால்வு திறக்கும் நேரத்தில் குழாயில் இருப்பது வெற்றிடம். காற்று வெளியே சீறாது, வடிகட்டாத தூசிக் காற்றுதான் உள்ளே வரும்.

மிகையூட்டிக்குக் காற்று வரும் பாதையான இன்டேக்கை 'உறிஞ்சு குழாய்' எனலாம். இங்கே ஏற்படும் இழப்பு அப்படியே நிற்காமல் பெருகும். மிகையூட்டி அழுத்தத்தை 1.8 மடங்காக்குகிறது என்றால், 100 கிலோபாஸ்கல் நுழைந்தால் 180 கிடைக்கும். அடைத்த ஃபில்டரால் 95 நுழைந்தால் 171. இழந்தது 5, குறைந்தது 9. சூடும் அப்படித்தான்: 30 டிகிரியில் நுழையும் காற்று இந்த அழுத்தத்தில் சுமார் 120 டிகிரியில் வெளிவரும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருப்பது அதற்காகவே. வெறும் கூம்பு ஃபில்டரை எஞ்சின் மேல் திறந்தபடி மாட்டினால் ஓசை கம்பீரமாக இருக்கும். உறிஞ்சுவது எஞ்சின் அறையின் சுடுகாற்று. நுழைவில் 10 டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். ஃபில்டரைச் சுற்றி மூடிய பெட்டியும், முன்பக்கத்திலிருந்து குளிர்காற்று கொண்டுவரும் குழாயும் இல்லாமல் அதை மாட்ட வேண்டாம்.