குரல் எப்படி இவ்வளவு சுருங்குகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: புறக்கோட்டையில் வாங்கிய சின்னப் பெட்டியில் அம்மா நாள் முழுக்கத் தேவாரம் கேட்கிறார். நகத்தளவு மெமரி கார்டில் அத்தனையும் எப்படி அடங்குகிறது? இதிலேயே சுகாதாரத் தகவல்களைப் பதிந்து, சிக்னல் எட்டாத மலையகத் தோட்டங்களுக்கு அனுப்பலாமே?

தாராளமாக அனுப்பலாம். கானாவின் வடபகுதியில் செய்தே காட்டிவிட்டார்கள். கிளிஃப் ஷ்மிட் 2007இல் தொடங்கிய லிட்டரசி பிரிட்ஜ் அமைப்பின் ‘டாக்கிங் புக்’ சாதாரண பற்றரியில் ஓடும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அதுவே பேசிச் சொல்லும், எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. விவசாயம், தாய்சேய் நலம் எல்லாம் உள்ளூர் மொழியில். கேட்பவர் தன் கேள்வியையும் அதிலேயே பதியலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, சுருங்குவது எப்படி? சிடி தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 635 எம்.பி. வேண்டும். எம்.பி.3 இதில் காதுக்கு எட்டாததை, அதாவது பெரிய சத்தத்தில் அமுங்கிப்போகும் சின்னச் சத்தங்களைக் கழித்துவிடும். இது பலருக்கும் தெரிந்த கதை. பேச்சுக்கென்றே இன்னொரு வழி இருக்கிறது. அது காதை விட்டுவிட்டு வாயைக் கவனிக்கிறது.

தொண்டையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுங்கள். ஒன்றும் அதிராது. இப்போது ‘ழ்ழ்ழ்’. அதிர்கிறதா? அப்புறம் சுருதி மாறாமல் ‘ஆ’விலிருந்து ‘ஈ’க்குப் போங்கள். குரல்நாண் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இடம் மாறியவை நாக்கும் தாடையும். நாதஸ்வரத்தின் சீவாளியைத் தனியே ஊதினால் வெறும் கீச்சொலி, குழலில் செருகினால்தான் நாதம். நம் தொண்டையும் வாயும் இதே ஏற்பாடுதான்.

நாக்கு எவ்வளவு வேகமாகப் புரண்டாலும் 20 மில்லிசெக்கனுக்குள் வாயின் வடிவம் பெரிதாக மாறிவிடாது. பதிவு என்பது ஒலியலையை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து எழுதிய எண்கள்தான். அதனால் அந்த 20 மில்லிசெக்கன் துண்டுக்குள், முந்தைய சில அளவீடுகளை வைத்தே அடுத்தது என்னவென்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஊகிக்கும் சூத்திரத்துக்குப் பத்து எண்கள் போதும். வாயின் வடிவமே அந்த எண்களில் இருக்கிறது. ஊகம் தவறிய மிச்சம் ஏறக்குறையக் குரல்நாணின் அதிர்வு. இவ்விரண்டை மட்டும் சேமிக்கிறார்கள். கேட்கும்போது கருவி அந்த எண்களால் ஒரு வாயைக் கட்டி, மிச்சத்தை அதற்குள் செலுத்திப் பேசவைக்கிறது. போனில் நீங்கள் கேட்கும் அம்மாவின் குரலும் இப்படி நொடிக்கு 50 தடவை கட்டப்பட்ட வாயிலிருந்து வருவதுதான்!

பழைய ஜி.எஸ்.எம். போன்களில் துண்டுக்கு 260 பிட், நொடிக்கு 13,000. ஒரு மணி நேரப் பேச்சு 6 எம்.பி.க்குள் முடிந்தது; 1 ஜி.பி.யில் 150 மணிக்கு மேல் பேசலாம். இதைவிடக் குறைந்த பிட்டில் முடிக்கும் வழியை, கான்பூரில் பிறந்த ஒலி ஆய்வாளர் பிஷ்ணு அடல், சக ஆய்வாளர் மான்ஃபிரட் ஷ்ரோடருடன் சேர்ந்து 1985இலேயே காட்டியிருந்தார். ஆனால் ஒரே வாய் என்று நம்பிப் போட்ட கணக்கு இது. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து வந்தால் குழம்பிவிடும். தேவாரத்துக்கு எம்.பி.3தான் சரி.

டெங்கு வந்தால் பப்பாளி இலைச்சாறு போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குரலும் இதே நுட்பத்தில்தான் சுருங்கி வருகிறது. வதந்திக்குச் செலவே இல்லை. சரியான தகவலைப் பதியத்தான் நிதி கிடைப்பதில்லை; செயலி செய்கிறோம் என்றால் உடனே கிடைக்கிறது. சிக்னலே இல்லாத தோட்டத்து லயன் வீடுகளில் செயலி எதற்கு என்று யாராவது கேட்கிறார்களா தெரியவில்லை.

வாசகர் இறங்கிப் பார்ப்பதானால் ஒன்று: நொடிக்கு 8,000 அளவீடுகளில் பதிய வேண்டாம். அளவீட்டு எண்ணிக்கையில் பாதி வரையிலான அதிர்வுகள்தான் பதிவாகும், இங்கே 4,000 ஹெர்ட்ஸ். ‘ஸ’வின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே கிடக்கிறது, வெட்டுப்பட்டுப்போகும். மருந்துப் பெயர்கள் தெளிவாகக் கேட்க 16,000 வையுங்கள். பேசுபவர் கொழும்பு அறிவிப்பாளராக வேண்டாம், அந்தத் தோட்டத்து மருத்துவ மாதுவே பேசட்டும்.